பிரேக் லைட் எரியவில்லையா? பல்பு வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்

மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்த பைக்காரர் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, பிரேக் லைட் எரியலண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது நடந்திருக்கும். அடுத்து நேராகக் கடைக்குப் போய் ஒரு பல்பு வாங்கி மாட்டுவோம். எரிந்தால் சரி. எரியாவிட்டால் இன்னொரு பல்பு. அதுவும் எரியாவிட்டால் "ஒயரிங் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவோம்.

"ஒயரிங் போச்சு" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஆறேழு வேறு வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை, எப்போது எரிகிறது என்று நிதானமாகப் பார்த்தாலே ஸ்குரூடிரைவரைத் தொடும் முன் பாதி விடை தெரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் அடிப்படை போதும். மின்பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

## பிரேக் வேறு, பிரேக் லைட் வேறு

பெடலை மிதிக்கும்போது இரண்டு காரியங்கள் தனித்தனியாக நடக்கின்றன. பிரேக் ஆயிலின் அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குப் போய் வண்டியை நிறுத்துகிறது. அதே நேரத்தில் பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் பின்விளக்குக்கு மின்சாரத்தை விடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையே பெடலைத் தவிர வேறு தொடர்பு இல்லை. விளக்கு எரியாததால் பிரேக் பிடிக்காமல் போகாது. விளக்கு பளிச்சென்று எரிவதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது.

டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கைப் பலர் "பிரேக் லைட் வார்னிங்" என்கிறார்கள். அது ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதையும் பிரேக் ஆயில் குறைந்திருப்பதையும் சொல்லும் விளக்கு. பின்னால் பல்பு போனால் பெரும்பாலான சாதாரண கார்களில் எந்த எச்சரிக்கையும் வராது. ஓட்டுபவருக்குக் கடைசியாகத்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கிறது.

இன்னொன்று, "ராத்திரி பின்னாடி சிவப்பு எரியுதே, அப்புறம் என்ன?" என்பது. இரவில் எரிவது பார்க் லைட். பல வண்டிகளில் ஒரே பல்புக்குள் இரண்டு கம்பி இழைகள் இருக்கும். 5 வாட் இழை பார்க் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பின்னால் வருபவர் நாம் வேகம் குறைப்பதைத் தெரிந்துகொள்வது இந்த நாலு மடங்கு வித்தியாசத்தால்தான். பெரிய இழை அறுந்து சின்ன இழை மட்டும் எரிந்தால், திண்டுக்கல் நான்கு வழிச் சாலையில் இரவில் நாம் பிரேக் பிடிப்பது பின்னால் வரும் லாரிக்குத் தெரியவே தெரியாது.

## மொட்டைமாடித் தொட்டியும் பேட்டரியும்

வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் தள்ளப்படும். அந்தத் தள்ளும் விசைதான் வோல்ட். குழாய் வழியே நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை வாட். காரின் பேட்டரி 12 வோல்ட். 21 வாட் இழை ஒன்று அதிலிருந்து 1.75 ஆம்பியர் எடுக்கும். இடமும் வலமும் சேர்ந்தால் 3.5 ஆம்பியர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் இரண்டு இடங்களில் தேவைப்படும்.

ஆனால் ஒரு விஷயத்தில் தண்ணீர் உவமை போதாது. குழாயில் வந்த தண்ணீர் தரையில் கொட்டிவிடும், தொட்டிக்குத் திரும்ப வேண்டியதில்லை. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியே ஆக வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலில் விசேஷ நாளில் நிற்கும் தரிசன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் வழி எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும், வெளியே வரும் வழியை அடைத்துவிட்டால் வரிசை ஓர் அடிகூட நகராது. போக்கும் வரவும் சேர்ந்த இந்த முழு வட்டத்துக்குத்தான் சுற்று என்று பெயர்.

பிரேக் லைட்டின் சுற்று பெரும்பாலான கார்களில் இப்படிப் போகிறது. பேட்டரியின் பிளஸ் முனையில் கிளம்பி பியூஸ், அங்கிருந்து பெடல் ஸ்விட்ச். ஸ்விட்சிலிருந்து ஒரே ஒயராகப் பின்பக்கம் வந்து மூன்றாகப் பிரிகிறது: இடது விளக்கு, வலது விளக்கு, பின் கண்ணாடியில் இருக்கும் நடு விளக்கு. ஒவ்வொரு விளக்கையும் கடந்த பிறகு, தனியாக ஒயர் போடாமல் காரின் இரும்பு உடம்பையே திரும்பும் பாதையாக வைத்திருக்கிறார்கள். விளக்கை உடம்போடு சேர்க்கும் அந்த இணைப்புதான் எர்த். பேட்டரியின் மைனஸ் முனையும் அதே உடம்பில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பியூசும் ஸ்விட்சும் மூன்று விளக்குகளுக்கும் பொது. பல்பு, ஹோல்டர், எர்த் ஆகியவை பக்கத்துக்குப் பக்கம் தனி. இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் கோளாறைத் தேடப் போகிறோம்.

## முதல் கேள்வி: எத்தனை எரியவில்லை?

உதவிக்கு ஆள் இல்லாவிட்டாலும் பார்த்துவிடலாம். பொழுது சாய்ந்தபின் வண்டியைச் சுவரை ஒட்டி ரிவர்சில் நிறுத்தி பிரேக்கை மிதித்தால் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் தெரியும். பகலில் என்றால், ஒரு கட்டையைச் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்கலாம். போனை வீடியோவில் போட்டு வண்டிக்குப் பின்னால் சாய்த்து வைப்பதும் நல்ல வழி.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பியூசையும் ஸ்விட்சையும் மறந்துவிடுங்கள். அவை சரியாக இருப்பதால்தானே மற்ற இரண்டும் எரிகின்றன? கோளாறு அந்தப் பக்கத்துப் பல்பிலோ ஹோல்டரிலோ எர்த்திலோதான். மூன்றும் எரியவில்லை என்றால் மூன்று பல்பும் ஒரே நாளில் போயிருக்காது. பொதுவான பாதையில், அதாவது பியூசிலும் ஸ்விட்சிலும் தேடுங்கள். இடமும் வலமும் எரியாமல் நடு விளக்கு மட்டும் எரிந்தால் கொஞ்சம் ஏமாறுவோம். இரண்டு பல்புகளும் அடுத்தடுத்துப் போயிருக்கும், முதலில் போனதை நாம் கவனித்திருக்க மாட்டோம். ஒரே நாளில் வாங்கி மாட்டிய பல்புகளின் ஆயுளும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மிதிக்காமலே விளக்கு அணையாமல் எரிந்தால் பெடல் பக்கம் போக வேண்டும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குவது, பார்க் லைட் மங்கலாக எரிவது போன்ற விசித்திரங்கள் தெரிந்தால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைச் சற்று விரிவாகப் பின்னால் பார்க்கலாம்.

## பல்பும் ஹோல்டரும்

டிக்கியைத் திறந்து பின்விளக்கின் பின்னால் இருக்கும் மூடியையோ இரண்டு ஸ்குரூவையோ கழற்றினால் ஹோல்டர் வெளியே வரும். பல்பை லேசாக உள்ளே அழுத்தி இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் இழை எரிந்துவிட்டது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. இரண்டும் இல்லாவிட்டாலும் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு இழைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று முழுதாக இருப்பதைப் பார்த்து "பல்பு நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப மாட்டிவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு.

கடையில் "டபுள் காண்டாக்ட், 12 வோல்ட், 21/5 வாட்" என்று கேட்க வேண்டும். இதன் அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று சற்று மேலே, மற்றொன்று கீழே. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்ளே போகவில்லை என்றால் பல்பை அரைச் சுற்று திருப்பி முயல வேண்டும். பலத்தைக் காட்டித் திணித்தால் இழைகள் இடம் மாறிவிடும்: பார்க் லைட் போட்டால் பளீரென்றும், பிரேக் மிதித்தால் மங்கலாகவும் எரியும். ஒற்றைப் பொட்டு பல்பைத் திணித்தால் இன்னும் மோசம். அந்த அகலமான பொட்டு ஹோல்டரின் இரண்டு காண்டாக்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். பிறகு பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்னால் பார்க் லைட்டும் டேஷ்போர்டு வெளிச்சமும் சேர்ந்து எரியும். சில கார்களில் பித்தளை அடி இல்லாத, கண்ணாடியே தட்டையாக முடியும் பல்பு வரும். கையோடு பழைய பல்பைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது.

புதுப் பல்பும் எரியவில்லை என்றால் ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளைப் பாத்திரத்தில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விளக்கின் ரப்பர் வழியே உள்ளே போன ஈரம் வெயிலில் காயாமல் ஹோல்டரிலேயே தங்குவதால் வருவது இது. பியூசைக் கழற்றிவிட்டு, நைசான உப்புத்தாளைச் சின்னதாகச் சுருட்டி காண்டாக்ட் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். பாத்திரத்துக்குப் போடுவது போலப் புளி வைத்துத் தேய்க்க வேண்டாம். மிச்சம் நிற்கும் புளிப்பு மறுபடியும் அரிக்கும். தேய்த்தபின் காண்டாக்ட் தகடு சுருள்வில் போலத் துள்ளி எழுகிறதா என்றும் பாருங்கள். அழுந்திப் படுத்துவிட்டால் பல்பின் பொட்டைத் தொடாது. பிளாஸ்டிக் உருகி நிறம் மாறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஹோல்டரையே மாற்ற வேண்டும்.

## எர்த்: எல்லோரும் தாண்டிப் போகும் இடம்

பல்பை மாற்றுபவர்கள் பத்துப் பேர் என்றால் எர்த்தைப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால் அதிகம். கண்ணுக்குத் தெரியாத காரணம்தான். டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கினால், பின்விளக்குக்கு அருகில் உடம்பில் ஒரு போல்ட்டும் அதில் வளையம் போட்ட ஒரு ஒயரும் (பெரும்பாலும் கறுப்பு) இருக்கும். அதுதான் வெளியே வரும் வாசல். அது துருப்பிடித்தால் அந்தப் பக்கத்து விளக்குகள் எல்லாமே தடுமாறும்.

குறிப்பாக, வண்டி எங்காவது இடித்து, டிங்கரிங் பெயின்டிங் முடிந்து வந்த சில வாரங்களில் இந்தக் கோளாறு வந்தால் சந்தேகமே வேண்டாம். போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட் என்னவோ இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய தோல் போலப் பெயின்ட் நிற்கும்.

இப்போது அந்த விசித்திரங்கள் ஏன் வருகின்றன என்று பார்ப்போம். ஒரே பல்பின் இரண்டு இழைகளுக்கும் வெளியேறும் வழி ஒன்றுதான். அது அடைபட்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால், பெரிய இழை வழியே வந்த மின்சாரம் வாசலில் முட்டி நின்று, வேறு வழி தேடும். பக்கத்திலேயே இருப்பது பார்க் லைட்டின் சின்ன இழை. அதற்குள் தலைகீழாக நுழைந்து, பார்க் லைட் ஒயர் வழியே எதிர்ப்பக்கத்து விளக்குக்குப் போய், அங்கே நன்றாக இருக்கும் எர்த்தில் இறங்கிவிடும். கோயிலில் வழக்கமான வாசலை அடைத்தால் கூட்டம் பக்கத்துச் சந்து வழியாகப் பிதுங்குவது போலத்தான். இவ்வளவு தூரம் சுற்றிப் போவதால் பெரிய இழைக்குப் போதிய விசை கிடைக்காது. அது எரியாது, சின்ன இழை மட்டும் மங்கலாக எரியும். பின்விளக்கில் இண்டிகேட்டருக்கும் அதே எர்த் என்றால் மின்சாரம் அந்த வழியாகவும் பிதுங்கி, இண்டிகேட்டர் மினுங்கும்.

இதைவிடத் தெளிவான ஓர் அடையாளம் உண்டு. இரவில் பார்க் லைட்டைப் போடுங்கள். கோளாறான பக்கமும் கொஞ்சம் மங்கலாக எரியும். அப்படியே பிரேக்கை மிதியுங்கள். அந்தப் பக்கம் மட்டும் மொத்தமாக அணைந்துவிடும்! இரண்டு இழைகளிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் முன்னாலிருந்து தள்ளுகிறது, வெளியேற வழியே இல்லை, எனவே எதுவும் ஓடுவதில்லை. பிரேக் பிடித்தால் விளக்கு அணைகிறது என்றால் அது எர்த் கோளாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பல்பு மாற்றுவதெல்லாம் வீண்.

உறுதி செய்ய, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஓர் ஒயரை எடுத்து, ஒரு முனையை ஹோல்டரின் எர்த் ஒயரிலும் மற்றதை டிக்கியில் பெயின்ட் இல்லாத ஏதாவது இரும்பிலும் பிடித்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் முடிந்தது வேலை. போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் அது உட்காரும் இடத்தையும் வெள்ளி போல மின்னும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் வாசலினோ கிரீசோ தடவி விடுங்கள். வாசலின் தடவுவது ஈரம் உள்ளே போகாமல் இருக்க. மின்சாரம் கடத்துவதற்கு அல்ல. எனவே முடுக்கிய பிறகுதான் தடவ வேண்டும்.

## மீட்டர் 12 காட்டுகிறது, ஆனால் எரியவில்லையே?

பழகியவர்களையும் ஏமாற்றும் இடம் இது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் முழுசாக வருகிறது. பல்பைப் போட்டால் எரியவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதா?

இல்லை. தொட்டிக்குத் திரும்புவோம். மாடியிலிருந்து வரும் குழாய் பாசியும் மண்ணும் அடைத்து ஊசி முனை அளவு துளைதான் மிச்சம் என்று வையுங்கள். கீழே குழாயை மூடி வைத்துவிட்டு அழுத்தத்தை அளந்தால், அந்தத் துளை வழியாகவே அழுத்தம் முழுதாக வந்து நிற்கும். குழாயைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும்: சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மல்டிமீட்டர் மிகமிகக் கொஞ்சம் மின்சாரத்தையே எடுத்து அளக்கிறது, அதாவது குழாயை மூடி வைத்து அளக்கிறது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்துபோன ஒயரிலும் அது 12 காட்டும். பல்பு கேட்பதோ 1.75 ஆம்பியர்.

எனவே விளக்கு வேலை செய்ய முயலும்போதே அளக்க வேண்டும். பல்பை மாட்டி, பிரேக்கை மிதித்த நிலையில், மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையை உடம்பின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 2, 3 வோல்ட் காட்டினால் அவ்வளவு விசை வழியிலேயே வீணாகிறது என்று பொருள். மீட்டர் இல்லையா? நல்ல 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டால் அதுவே டெஸ்ட் லேம்ப். பளிச்சென்று எரிந்தால் பாதை சரி. ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் இன்னும் இதைக் கையில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: அது குழாயைத் திறந்துவிட்டுப் பார்க்கிறது. ஆனால் பின்விளக்கு ஒயரோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் நிற ஒயரையோ கப்ளரையோ (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) கண்டால் மீட்டர், டெஸ்ட் லேம்ப் எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். அது ஏர்பேக்குக்குப் போவது.

## மூன்றும் எரியாதபோது: பியூசும் ஸ்விட்சும்

பியூஸ் என்பது, ஒயர் தாங்கும் அளவைத் தாண்டி மின்சாரம் ஓடினால் முதலில் தான் உருகி ஒயரைக் காக்கும் சின்னத் தகடு. பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் "ஸ்டாப்" என்று குறித்திருக்கும். பெரும்பாலும் 10 ஆம்பியர் சிவப்பு, அல்லது 15 ஆம்பியர் நீலம். சில கார்களில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பியூஸ். இரண்டும் ஒன்றாகப் போயிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

புது பியூஸ் போட்டதும் அது எப்போது போகிறது என்று கவனியுங்கள். பெடலைத் தொடாமலே போனால் ஸ்விட்சுக்கு முன்னால் எங்கோ ஒயர் உடம்பில் உரசுகிறது. பெடலை மிதித்த நொடியில் போனால் ஸ்விட்சுக்குப் பின்னால். இரண்டு பல்புகளையும் கழற்றி, நடு விளக்கின் கப்ளரையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து மிதித்துப் பார்த்தால் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். நீலத்துக்குப் பதில் 30 ஆம்பியர் பச்சையைப் போடுவது, சிகரெட் டப்பா தாளைச் சுற்றுவது இரண்டும் ஒரு காரியத்தைத்தான் செய்யும்: அடுத்த முறை பியூசுக்குப் பதில் ஒயர் உருகும். அந்த ஒயர் சீட்டுக்கும் விரிப்புக்கும் கீழேதான் போகிறது. குழந்தைகள் உட்காரும் இடம் அது. இதை மட்டும் செய்யாதீர்கள்.

பியூஸ் சரி என்றால் பெடல் ஸ்விட்ச். பெடல் ஓய்வில் இருக்கும்போது அது ஸ்விட்சின் குச்சியை அழுத்திப் பிடித்திருக்கும். அப்போது விளக்கு அணைந்திருக்கும். மிதித்தால் குச்சி வெளியே வந்து உள்ளே காண்டாக்ட் சேரும். அதாவது அழுத்தினால் அணையும் ஸ்விட்ச். காளவாசலிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் போய் வருவதற்குள் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறோம்! ஒவ்வொரு முறையும் 3.5 ஆம்பியர் அந்தச் சின்னக் காண்டாக்டில் பொறிவிட்டுப் போகிறது. நாளடைவில் அது கறுத்து, சில சமயம் சேரும், சில சமயம் சேராது. ஓங்கி மிதித்தால் மட்டும் எரிகிறது என்றால் இதுவாகத்தான் இருக்கும். ஆட்டோமேட்டிக் கார்களில் வேறு அறிகுறிகளும் சேர்ந்து வரும்: பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகாது, கியர் 'பி' (பார்க்கிங்) நிலையிலிருந்து நகராது. நாம் பிரேக் மிதித்திருக்கிறோம் என்பதை வண்டி தெரிந்துகொள்வதும் இதே ஸ்விட்ச் மூலம்தான்.

இரண்டு ஒயர் மட்டும் உள்ள பழைய வகை ஸ்விட்ச் என்றால், கப்ளரைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் ஸ்விட்ச்தான் பழுது. நான்கு ஒயர் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதில் சில ஒயர்கள் கணினிக்குப் போகின்றன. புது ஸ்விட்சை மாட்டும்போது பெடல் ஓய்வில் குச்சி முழுதாக அழுந்த வேண்டும், ஆனால் ஸ்விட்சின் உடல் பெடலை முட்டித் தள்ளக் கூடாது. சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும். ரொம்ப உள்ளே முடுக்கினால் பெடல் எப்போதும் லேசாக மிதித்த நிலையிலேயே நிற்கும். பிரேக் உரசி, சக்கரம் சூடேறும்.

அணையாமல் எரியும் கோளாறுக்குப் பல நேரம் ஸ்விட்ச்கூடக் காரணம் இல்லை. குச்சி வந்து முட்டும் இடத்தில், பெடல் கம்பியில் உள்ள துளையில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் முட்டு இருக்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெந்து வெந்து அது நொறுங்கிவிடும். குச்சி துளைக்குள் புகுந்து, மிதித்த நிலை என்றே ஸ்விட்ச் நினைத்துக்கொள்ளும். கால் வைக்கும் விரிப்பில் பிளாஸ்டிக் துகள்கள் உதிர்ந்து கிடந்தால் இதுதான். ராத்திரி பத்து மணி நேரம் 3.5 ஆம்பியர் போனால் 35. சின்னக் கார்களின் பேட்டரி கொள்ளளவே 35 ஆம்பியர்-மணி. காலையில் வண்டி கிளம்பாது. அவசரத்துக்கு அந்தத் துளையில் ஒரு சின்ன போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கி ஒப்பேற்றலாம். பிறகு புது பிளாஸ்டிக் முட்டு வாங்கிப் போட்டுவிட வேண்டும்.

இதுவரை வந்ததில்: ஒரு பக்கம் என்றால் பல்பு, ஹோல்டர், எர்த். மூன்றும் என்றால் பியூஸ், ஸ்விட்ச். அணையவே இல்லை என்றால் பெடல் முட்டு.

## நடு விளக்கும் எலியும்

நடு விளக்கு மட்டும் போனால், பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் கார்களில் கீல் அருகே பாருங்கள். கூரையிலிருந்து கதவுக்குப் போகும் ரப்பர் குழலுக்குள் ஒயர்கள் இருக்கும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை மடங்கி மடங்கி, மேல் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்துவிடும். ரப்பரை விலக்கி ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுங்கள்; அறுந்த ஒயர் ரப்பர் போல நீளும். வேப்பமரத்தடியிலோ வைக்கோல் படப்புக்கு அருகிலோ நிற்கும் வண்டி என்றால் எலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒட்டுப்போடும்போது முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் மறுபடியும் களிம்பு; ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

## எல்இடி மாற்றலாமா?

எல்இடிக்கு ஓர் உண்மையான நன்மை உண்டு. இழை பல்பு சூடேறி ஒளிர்வதற்குள் எல்இடி சுமார் 0.2 நொடி முந்திக்கொள்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறோம், 0.2 நொடி என்றால் பின்னால் வருபவருக்கு 4 மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. ஆனால் இழை பல்புக்காகச் செய்த கூட்டில் மலிவான எல்இடியைச் செருகினால் வெளிச்சம் ஒரே பக்கமாகப் போய், பார்க் லைட்டுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். வெள்ளை எல்இடி சிவப்பு மூடிக்குள் வெளிறித் தெரியும். மினுக்கி மினுக்கி எரியும் பிரேக் லைட், கறுப்பு பிலிம் ஒட்டிய மூடி இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் வருபவர் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தாலே விளக்கு தோற்றுவிட்டது.

## வழியில் போய்விட்டால்

திருமங்கலம் தாண்டி மூன்று விளக்கும் போய்விட்டது, பகல் நேரம், கடை இன்னும் தூரம். முதலில் பியூஸ் பெட்டியைத் திறந்து, அதே ஆம்பியர் உள்ள பியூஸ் ஒன்றை அவ்வளவு அவசரமில்லாத வேறு இணைப்பிலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். எரியவில்லை என்றால் இடது ஓரமாக, வழக்கத்தைவிட மெதுவாகப் போங்கள். வேகம் குறைக்கும் முன் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழுமாக அசையுங்கள். வேகம் குறைக்கிறேன் என்பதற்கான கைச் சைகை இது. பெடலை ஒரே மிதியாக மிதிக்காமல் முன்கூட்டியே காலை எடுத்து, கியரைக் குறைத்து நில்லுங்கள். இருட்டிவிட்டால் கைச் சைகை யாருக்கும் தெரியாது. பார்க் லைட் மட்டும் எரிய நான்கு வழிச் சாலையில் போவதைவிட, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரங்கட்டி எலக்ட்ரீசியனை அங்கேயே வரவழைத்துவிடுங்கள்.